பேய்க் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா?

- தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். உண்மைதான். ஆனால் அரண்டுபோனவனின் அச்சத்தைத் தெளிய வைப்பது எப்படி என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு படித்த பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரன். திடீரென்று மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். காலையில் வந்தாலும் மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவான். ஒருநாள் அவன் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், பிள்ளைக்குக் காத்து கருப்பு பட்டிருக்கும்போல. ராத்திரியில எந்திரிச்சி அலறுறான். முனியாண்டி கோயில்ல கயிறு மந்திரிச்சிக் கட்டிட்டோம். அப்பவும் நிக்கல" என்றார்.

பையனைத் தனியே அழைத்து உட்காரவைத்துப் பேசினேன். லயத்தில் இருக்கும் பெரிய பையன்கள் கைப்பேசியில் பேய்ப் படம் காட்டியிருக்கிறார்கள். செம்பனைக் காட்டில் பொந்தியானா இருக்கிறாள் என்றும் பயமுறுத்தியிருக்கிறார்கள். இவ்வளவுதானா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாக இன்னொன்று சொன்னான்.

"எங்கப்பா குடிச்சிட்டு வந்தா வேற யாரோ மாதிரி இருக்காரு டீச்சர். அவருக்குள்ள யாரோ பூந்துக்கிறாங்க. காலையில அது போயிடுது."

எனக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளை எதற்கு அலறினான் என்பது அப்போதுதான் விளங்கியது.

"இந்தப் பேய்க் கதைப் புத்தகங்களையெல்லாம் முதலில் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்" என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் அதற்கு மாறாகச் செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாட வேளையில் நல்ல பேய்க் கதைகளாகத் தேர்ந்து, வகுப்புக்கு ஏற்றபடி சுருக்கித் தமிழில் சொல்லத் தொடங்கினேன். 'நல்ல' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கெட்ட பேய்க் கதை நம்மைத் திடுக்கிட வைத்துவிட்டுப் போய்விடும். நல்ல பேய்க் கதையோ, எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகும்.

அப்படி நான் விரும்பிப் படித்த, பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்ட மாயக் கதைகளையும் பேய்க் கதைகளையும் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

பாட்டி சுமந்த வேதாளம்

எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதன் பிறகு லயத்து வாசலில் பாட்டிதான் ராஜ்யம். பகலெல்லாம் பால் மரம் வெட்டிக் கை காய்த்துப்போன பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விக்கிரமாதித்தன் கதை முழுவதும் வாயில் இருந்தது.

கதை உங்களுக்கும் தெரியும். ஒரு யோகி கேட்டுக்கொண்டதற்காக நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போகிறான் விக்கிரமாதித்தன். மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழிநெடுகக் கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசன் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்து விடை சொன்னாலோ வேதாளம் மறுபடி மரத்துக்கே பறந்துவிடும். அரசனும் சலிக்காமல் மறுபடி போய் மரம் ஏறுவான்.

இந்த இருபத்தைந்து கதைகளும் மிகப் பழையவை. காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்னும் வடமொழி நூலிலேயே இவை இருக்கின்றன. ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இவற்றில் சிலவற்றைத் தம் போக்கில் ஆங்கிலத்தில் எழுதி 1870இல் வெளியிட்டார். உலகமே அறிந்த 'டிராகுலா' நாவல் வந்தது 1897இல்தான். இரத்தக் காட்டேரியை மேலைநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழும் வேதாளக் கதைகளைப் பல ஆண்டுகள் வெளியிட்டது. அந்த இதழ் இப்போது வெளிவருவதில்லை. பழைய பிரதிகள் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சிறுமியாக இருந்தபோது எனக்கு வேதாளத்தைக் கண்டுதான் பயம். வளர்ந்த பிறகுதான் கதையின் சூட்சுமம் புரிந்தது. வேதாளம் அரசனை ஒன்றும் செய்யவில்லை. அது கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயம் எது, அநியாயம் எது என்ற கேள்விகள். கடைசியில் அரசனைப் பலி கொடுக்கக் காத்திருந்தவன் காவியுடுத்த யோகிதான். அதை முன்கூட்டிச் சொல்லி அரசனைக் காப்பாற்றியது வேதாளம்! பேய் நண்பனாகவும் பெரிய மனிதன் பகைவனாகவும் இருக்கக்கூடும். தோட்டத்தில் பிறந்த பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இக்கதைகளைச் சொல்லலாம். வேதாளத்தின் கேள்வியில் நிறுத்தி, "நீ அரசனா இருந்தா என்ன சொல்லுவே?" என்று கேட்டுப் பாருங்கள். பயம் போன இடம் தெரியாது.

பெயரில்லாத பிள்ளை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, அங்கிருந்த நூலகத்தில் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலின் சுருக்கிய ஆங்கிலப் பதிப்பு ஒன்று கையில் கிடைத்தது. என் ஆங்கிலம் அப்போது அரைகுறை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன்.

இந்தக் கதை பிறந்த விதமே ஒரு கதை. 1815 ஏப்ரலில் நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை பயங்கரமாக வெடித்தது. அது வானத்தில் கக்கியவை உலகம் முழுவதும் பரவி வெயிலை மறைத்தன. அதனால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லை. மழையும் குளிருமாகக் கழிந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த ஆங்கிலேய எழுத்தாளர் சிலர் மழையால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் யோசனை சொன்னார். அக்கூட்டத்தில் இருந்த மேரிக்கு அப்போது வயது பதினெட்டு. அவர் தொடங்கிய கதைதான் 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' என்று அச்சேறியது. முதல் பதிப்பில் அவர் பெயர்கூடப் போடப்படவில்லை. பின்னாளில் உலகம் அவரை மேரி ஷெல்லி என்று அறிந்தது.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் உயிரின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண்ணைத் திறந்ததும், அதன் கோரத்தைக் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை. பலரும் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்றே நினைக்கிறார்கள். அது படைத்தவனின் பெயர். பூதத்துக்குக் கடைசிவரை பெயரே இல்லை.

1931இல் வந்த திரைப்படத்தில் அந்தப் பூதம் பேசத் தெரியாமல் உறுமும். புத்தகத்திலோ அது அழகாகப் பேசுகிறது. எப்படிக் கற்றது தெரியுமா? ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, பலகைச் சந்து வழியாக அவர்களைப் பார்த்தே பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொள்கிறது. இரவில் அவர்களுக்குத் தெரியாமல் விறகு கொண்டுவந்து போடுகிறது. ஒருநாள் துணிந்து அவர்கள் முன்னே போய் நிற்கிறது. அவர்களும் அடித்து விரட்டுகிறார்கள். அதன் பிறகுதான் அது கொடுமை செய்யத் தொடங்குகிறது.

லயத்தில் வளர்ந்த நமக்குப் பலகைச் சுவர் என்றால் என்ன என்று தெரியும். பக்கத்து வீட்டுச் சிரிப்பும் கேட்கும், அழுகையும் கேட்கும். அந்தச் சந்து வழியே ஒரு குடும்பத்தின் அன்பைப் பார்த்து ஏங்கும் பூதத்தைப் படித்தபோது நான் பயப்படவில்லை, அழுதேன். பெற்றவன் கைவிட்ட பிள்ளை அது. இந்தக் கதையைச் சொன்ன வெள்ளிக்கிழமை, "யார் செய்தது தப்பு?" என்று கேட்டேன். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நம் பையன் மட்டும் எழுந்து, "அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கலாம் டீச்சர்" என்றான்.

நம் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனே இக்கதையைப் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழில் தந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கலாம். கொலைகள் உண்டு, ஆனால் இரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்தும் புத்தகம் அல்ல.

மருந்து குடித்த டாக்டர்

அடுத்தது ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்'. சிறிய புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் இரண்டு வாரம் யோசித்தேன்.

இலண்டனில் டாக்டர் ஜெக்கில் எல்லாரும் மதிக்கும் மனிதர். தமக்குள் இருக்கும் நல்லவனையும் கெட்டவனையும் பிரித்துவிட்டால் என்ன என்று அவருக்கு ஓர் ஆசை. ஒரு மருந்து கலந்து குடிக்கிறார். உடனே உருவம் மாறி ஹைடு என்னும் கொடியவன் ஆகிவிடுகிறார். தெருவில் மோதிய சின்னப் பெண்ணைக் கீழே தள்ளி மிதித்துவிட்டுப் போகும் அளவுக்கு ஈரமில்லாதவன் ஹைடு. மறுபடி மருந்து குடித்தால் ஜெக்கிலாகத் திரும்பிவிடலாம். தொடக்கத்தில் எல்லாம் அவர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று நண்பரிடம் உறுதியாகச் சொல்கிறார். நாளாக ஆக, மருந்து குடிக்காமலே ஹைடு வரத் தொடங்குகிறான். கெட்டவனாக மாற மருந்து தேவைப்பட்ட காலம் போய், நல்லவனாக இருப்பதற்கே மருந்து வேண்டும் என்ற நிலை வருகிறது. அந்த மருந்தும் ஒருநாள் தீர்ந்துபோகிறது.

நான் எந்தப் பொடியும் வைத்துக் கதை சொல்லவில்லை. சாராயம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனால் கதையின் பாதியில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. சம்சு போத்தலைப் பார்க்காத பிள்ளை எங்கள் பள்ளியில் குறைவு.

அன்று சாயங்காலம் பையன் வீட்டில் தங்கைக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுவாரம் அவர் பள்ளிக்கு வந்தார். குளித்து, சட்டை மாட்டி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், அந்த மருந்து குடிக்கிற ஆளு கடசியில என்னா ஆனாரு? மவன் முடிவு சொல்ல மாட்டேங்கிறான்."

பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். "திருந்திட்டாருண்ணே" என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் கதையில் அப்படி இல்லையே!

"திரும்பி வர முடியலண்ணே. மருந்து தீந்துபோச்சு. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே செத்துப்போறாரு. தான் செஞ்சதையெல்லாம் எழுதி வெச்சிட்டுத்தான் போறாரு" என்றேன்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முன்னாடியே யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருநூறு பவுன்

'குரங்கின் பாதம்' என்னும் சிறுகதையை டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்டார். சில பக்கங்கள்தான். ஆனால் நான் படித்த பயக் கதைகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

இந்தியாவில் இருந்து திரும்பிய படைவீரர் ஒருவர், காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டுவருகிறார். பக்கிரி ஒருவர் மந்திரித்தது. மூன்று வரம் தரும். ஒரு முதியவர் அதை வாங்கி, வீட்டுக் கடனை அடைக்க இருநூறு பவுன் வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்கிறார். மறுநாள் அவர் மகன் வேலை செய்யும் ஆலையில் இருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிர்வாகத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லையாம். ஆனாலும் அவன் செய்த வேலையை மதித்து ஒரு தொகை தருகிறார்களாம். எவ்வளவு? இருநூறு பவுன்!

இன்னும் இரண்டு வரங்கள் மீதி இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்ன கேட்பாள்? மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். கதவு தட்டப்படும் அந்த இடத்தை மட்டும் இரவில் படிக்க வேண்டாம்.

எங்கள் லயத்தில் ரப்பர் ஆலை உருளையில் வலக்கையைக் கொடுத்த தாத்தா ஒருவர் இருந்தார். "கைக்குக் குடுத்த காசுல மவளுக்குக் கல்யாணம் பண்ணினேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு அன்று எனக்கு விளங்கவில்லை. இந்தக் கதையைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஒரு மனிதன் உடம்புக்கு இன்ன விலை என்று சொல்லிப் பணத்தை எண்ணி மேசையில் வைக்கும் கையைவிட அந்தக் குரங்குக் கை கொடியதா? வயது வந்தவர்களும் இளைஞர்களும் படிக்க வேண்டிய கதை இது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் எழுத்தாளர்கள் தந்தவை

வெளிநாட்டார் கதைகளையே சொல்லிக்கொண்டு போகிறாரே என்று நினைத்துவிடாதீர்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பேய்க் கதைகளில் ஒன்று. ஓர் எழுத்தாளரின் மனைவி, வாசலுக்கு வந்த பிச்சைக்காரி ஒருத்தியை இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அன்றுமுதல் கணவருக்கு இரவில் தூக்கமில்லை. வந்தவள் பேயா, பெண்ணா, அல்லது எல்லாம் அவர் மனப் பிராந்தியா? படித்து முடித்தாலும் சந்தேகம் தீராது. அதே புதுமைப்பித்தன், கடவுள் சென்னைப் பட்டணத்துக்கு வந்து கந்தசாமிப் பிள்ளை வீட்டில் விருந்தாளியாகத் தங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு மாயக் கதை எழுதினார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்பது அதன் பெயர். அதைக் குடும்பத்தோடு படித்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம்.

கல்கியின் 'மோகினித் தீவு' இன்னொரு வகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவில் இருந்து கப்பலேறித் தப்பி வரும் ஒருவர், வழியில் ஆளில்லாத் தீவொன்றில் இறங்குகிறார். இடிந்த கோயில்களும் சிற்பங்களும் நிறைந்த அந்தத் தீவில், நிலா வெளிச்சத்தில் ஓர் இளம் தம்பதியைச் சந்திக்கிறார். அவர்கள் பாண்டிய இளவரசியும் சோழ இளவரசனும் பற்றிய கதையைச் சொல்கிறார்கள். அவர்கள் யார் என்பதில்தான் கதையின் மாயம் இருக்கிறது. பயம் குறைவு, அழகு அதிகம். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் இதை விழுந்து விழுந்து படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போரைச் சொன்னதும் எனக்கு வேறொரு நினைவு வருகிறது. சின்ன வயதில் நான் கேட்ட தோட்டத்துப் பேய்க் கதைகளில் பாதி, சயாமுக்குப் போனவர்களைப் பற்றியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரத்துக்கு ஜப்பானியர் போட்ட இரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். மாண்டவர்கள் எண்ணற்றோர். என் பாட்டியின் அப்பாவும் போனார், திரும்பவில்லை. பாட்டியின் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லையாம். இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவிடமாட்டாராம். "வந்தா தட்ட வேணாம்" என்பாராம். தோட்டத்தார் அந்த வீட்டில் பேய் நடமாடுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அங்கே பேய் இல்லை, ஐயா. சவத்தைக்கூடக் கண்ணால் காணாத துக்கம் இருந்தது. சடங்கு செய்து வழியனுப்ப முடியாத சாவு இருந்தது. இடிந்த பங்களாவிலும் பாழுங்கிணற்றிலும் நாம் பேயைக் காண்பது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கதை அங்கே கிடக்கிறது. இந்த வரலாற்றை அறிய விரும்புவோர், நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலைத் தேடிப் படியுங்கள். அது மாயக் கதை அல்ல. ஆனால் நம் மாயக் கதைகள் எங்கிருந்து வந்தன என்பதை அது சொல்லும்.

வீட்டில் எப்படிப் படிப்பது?

என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

முதலாவது, பேயை மிரட்டும் கோலாக ஆக்காதீர்கள். "சோறு தின்னாட்டி பூச்சாண்டி வருவான்" என்று சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு பிள்ளை இருட்டில் கொல்லைப்புறம் போக அஞ்சுகிறான் என்று வருந்துவதில் பயன் இல்லை.

இரண்டாவது, சேர்ந்து படியுங்கள். உங்களுக்கு வாசிப்புத் தடுமாறினால் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவனுக்கும் வாசிப்புப் பழகும். பயமான இடம் வந்தால் பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்ற தைரியமும் இருக்கும். கைப்பேசியில் தனியே பார்க்கும் பேய்க்கும், அம்மா மடியில் கேட்கும் பேய்க்கும் பெரிய வேறுபாடு உண்டு.

மூன்றாவது, கதையைப் பாதியில் நிறுத்தித் தூங்கப் போகாதீர்கள். முடிவு தெரியாத பயம்தான் கனவில் வரும். நீளமான கதையானால் பகலில் படியுங்கள்.

நான்காவது, படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில் யாரைப் பார்த்து உனக்குப் பயமா இருந்துச்சு? ஏன்?" பிள்ளை சொல்லும் பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பல நாள் மனத்தில் வைத்திருந்ததை அந்தச் சாக்கில் சொல்லிவிடுவான்.

புத்தகங்களுக்குப் பெரிய செலவு இல்லை. கல்கி, புதுமைப்பித்தன் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஆதலால் பல பதிப்பகங்கள் மலிவாக வெளியிடுகின்றன. ஆங்கில நூல்களும் உரிமைக் காலம் முடிந்தவை. கைப்பேசியில் காசில்லாமலே படிக்கக் கிடைக்கின்றன. பேய்ப் படம் பார்க்கும் அதே கைப்பேசியில் என்பதை நினைவில் வையுங்கள்! பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகும்போது பொது நூலகத்திலும் ஓர் எட்டு எட்டிப் பாருங்கள்.

பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன் மாலை வகுப்புக்குத் திரும்ப இரண்டு மாதமாயிற்று. முதலில் அம்மா கூட்டிவந்தார். பிறகு அப்பா. வழியில் செம்பனைக் காட்டருகே கதை கேட்டுக்கொண்டே வருவாராம். குடியை அவர் அடியோடு விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். விட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டிருக்கிறார். ஆனால் குடித்த நாளில் அவர் வீட்டுக்கு வருவதில்லை. தம்பி வீட்டில் படுத்துக்கொள்கிறார். "அது வர்ற அன்னிக்குப் பிள்ளைங்க கண்ணுல படக் கூடாது டீச்சர்" என்றார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. படிச்சிட்டு இன்னொருத்தன் யார்கிட்டயாச்சும் சொல்லட்டும்" என்றார்.

பையன் இப்போது இரவில் அலறுவதில்லை. கையில் கட்டிய கயிறு இன்னும் இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். போன வாரம் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தான்.

"டீச்சர், அந்தப் பூதத்துக்கு நானே ஒரு பேர் வெச்சிட்டேன்" என்றான்.

என்ன பெயர் என்று கேட்டேன். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.